ஆமைப் பூட்டு

அண்ணி ஏணியில் நின்று, தன் கடை போர்டில் இருந்த ஆமைப் படத்தைத் தகட்டுக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கீழே காரில் சாய்ந்து நின்று பார்த்த சின்ன முதலாளிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பி ஒன்பது நாள்தான் ஆகிறது.

“ஓடு வந்துடுச்சு. வலது கால் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க அண்ணி,” என்றான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தி காலுக்கு நகர்ந்தது.

அண்ணன் இருந்தவரை அவன் சின்ன முதலாளி. அண்ணன் போன மறுமாதமே, ‘சின்ன’வை விட்டுவிட்டுக் கூப்பிடும்படி பூட்டுப் பட்டறையில் உத்தரவு போட்டான். கட்டடமும் இயந்திரங்களும் அவன் பெயரில்தான் இருந்தன. தம்பியை நம்பி அண்ணன் எழுதிவைத்தது. அண்ணியை வாசலிலேயே வாட்ச்மேனை விட்டு மறித்தான்.

அவள் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. நாலு தெரு தள்ளி இந்தச் சின்னக் கடையைப் பிடித்து, பட்டறையை விட்டு அவளோடு வந்த இரண்டு பேரை வைத்து, அதே ஆமை மார்க் பூட்டைச் செய்து விற்றாள். அதுதான் அவனுக்குக் கண்ணில் விழுந்த தூசு.

“ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு அண்ணன்கிட்ட அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ‘பூட்டுல இருந்தா திருடன்தான்டா உருப்பட மாட்டான்’னு சிரிச்சாரு. இப்ப யாரு உருப்படலை?”

“அவர் சொன்னதுல தப்பில்ல தம்பி.”

உள்ளே பூட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பழைய ஆள் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். சின்ன முதலாளி முறைத்ததும் குனிந்துகொண்டான்.

“இன்னொண்ணு. உங்க தபால் இன்னும் என் விலாசத்துக்கு வருது. போன வருஷம்கூட சர்க்கார் முத்திரை போட்டு ஒரு கவர். பிரிக்கக்கூட இல்ல, வாட்ச்மேன்கிட்ட குடுத்து இங்க தூக்கியெறியச் சொன்னேன். இனிமே குப்பைக்குத்தான் போகும்.”

“விலாசத்தை மாத்திட்டேன். அது நல்ல வேளைக்கு வந்து சேர்ந்துச்சு,” என்றபடி அவள் இறங்கி வந்தாள். கையெல்லாம் பச்சைப் பெயிண்ட் தூள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அவனுக்கு வாய் நிற்கவில்லை. “நாளைக்குப் பெரிய கம்பெனிக்காரங்க என்கிட்ட கையெழுத்துப் போடுறாங்க. பட்டறை, பேரு, ஆமை எல்லாம் மொத்தமா வாங்கிக்கிறாங்க. இந்தப் பேர்ல இன்னொரு கடை இருக்கக்கூடாதாம். அதான் நோட்டீஸ். நீங்களும் புத்தியா நடந்துக்கிட்டீங்க.”

“என்னென்ன காகிதம் கேட்டாங்க?”

“கட்டடப் பத்திரம் குடுத்துட்டேன். வரி ரசீது குடுத்துட்டேன். ஆமையைப் பதிவு பண்ணின சர்டிபிகேட் ஒண்ணு வேணும்னாங்க. அண்ணன் பீரோவுல எங்கயாவது கிடக்கும். ரெண்டு நாளா கேக்கவும் இல்ல, விட்டுட்டாங்க போல.”

“பீரோவைக் குடையாதீங்க. அது அங்க இல்ல.”

“பின்னே?”

“கட்டடத்தை உங்க பேர்ல எழுதினாரு. ஆமையை என் பேர்ல பதிஞ்சாரு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். மறந்தா கைவிட்டுப் போயிடும். அதை ஞாபகப்படுத்தித்தான் அந்தக் கவர் வந்துச்சு. மறுநாளே போய்ப் புதுப்பிச்சுட்டேன்.”

சின்ன முதலாளி காரிலிருந்து நிமிர்ந்தான். ஏதோ பொய் சொல்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. போர்டைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

“யார்கிட்ட கதை விடுறீங்க? ஆமை உங்களுதுன்னா, என் நோட்டீசுக்குப் பயந்து எதுக்குச் சுரண்டுறீங்க?”

அண்ணி ஏணியை மடக்கினாள்.

“நேத்து அந்தக் கம்பெனிக்கே வித்துட்டேன் தம்பி, இனிமே நீங்களும் சுரண்டணும்.”