நான்காம் முறை மாற்றிய பயணம்

ஒகினாவா போகும் உல்லாசக் கப்பலுக்கான தேதியைப் பெய்ஷானும் அவள் கணவன் சுன்ஹோங்கும் மூன்று முறை மாற்றிவிட்டார்கள். நான்காவது தேதி, இறந்தவர்கள் வீடு தேடி வரும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் விழுந்தது.

"அந்த மாசம் கடல்ல போகவே கூடாதுன்னு உங்கம்மா ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. இப்படியே போனா அறுபது வயசுலதான் நமக்குத் தேனிலவு," என்றாள் பெய்ஷான்.

"அப்பவும் நீதானே கூட வருவே? மாத்திடு."

மாற்றினாள். பழைய தேதியன்று தைவானின் கீலுங் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பிப் போனது. அன்று மதியம் புதிய தேதியை உறுதிசெய்ய வீட்டிலிருந்து பயண முகவருக்குப் போன் செய்தாள்.

"மேடம், நீங்க ரெண்டு பேரும் காலையிலேயே ஏறிட்டீங்களே! சாப்பிட்டும் முடிச்சாச்சுன்னு இருக்கு."

சுன்ஹோங் சிரித்தபடி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். "அப்படியா? அந்த அறைக்கே லைனைக் கொடுங்க, பேசுவோம்."

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். "உங்க வீட்டிலேருந்து போன்," என்று முகவர் அங்கே சொன்னது கேட்டது.

"வீட்டிலேருந்தா?" மறுமுனையில் கேட்டது பெய்ஷானின் குரல். "சுன்ஹோங், நம்ம வீட்டுல இப்ப யாரு இருக்கா?"

"பதில் சொல்லாதே," என்றது அவன் குரல். "சொன்னா பின்னாடியே வந்துடுவாங்க. வெச்சிடு."

இணைப்பு அறுந்தது. வீட்டில் நின்ற இருவருக்கும் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை.