பெரியதம்பியின் படகுக் கிறுக்கு

"இன்னாம்மா தமிழினி, உன் மாமனாரு கப்பலேறிட்டாராமே?"

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பூக்கடை அமலா கேட்டதும், பஸ்ஸுக்கு நின்றிருந்த நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

தமிழினிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவள் கிளம்பியிருப்பதே அந்தக் கப்பலை நிறுத்தத்தான்.

மாமனார் பெரியதம்பிக்கு எழுபத்து மூன்று வயசு. கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஏரித் தண்ணீரில் முழங்கால் நனைத்தறியாத அந்த மனுஷர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று, "எனக்குப் பாய்ப்படகு ஓட்டணும்" என்று ஆரம்பித்தார்.

புதுச்சேரிப் பக்கம் உப்பங்கழியில் படகு ஓட்டக் கற்றுத் தருபவர் ஒருவரைப் பிடித்தார். அவரிடமே பழைய படகு ஒன்றையும் வாங்கிப் போட்டார். சனிக்கிழமை ஆனால் போதும், முதல் பஸ். சட்டைப் பையில் மறக்காமல் ஒரு எலுமிச்சம்பழம். படகுக்குத் திருஷ்டி கழிக்க என்று ஊர் பேசிக்கொண்டது.

கூடவே புளிசோற்றுத் தூக்கோடு மாமியார் பவுனம்மாள்.

"பாவம், அந்தப் பவுனு. களத்துல கெடந்து உழைச்ச பொம்பள. அதையும் இழுத்துக்கினு அலையறான் பாரு, கிறுக்கன்!" என்று ஊர்ப் பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

இதைக் கேட்டால் பவுனம்மாள் தலையைக் குனிந்துகொள்வாள். அவள் உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பைப் பார்த்து, தமிழினியே ஒருநாள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மாமனாரிடம் சண்டைக்குப் போனாள்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா மாமா? அத்தைய வேற கயிறு இழுக்க வுடறீங்க!"

"கிறுக்கு புடிச்சா வயசு பாக்குமா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இன்றைக்கு விஷயம் முற்றிவிட்டது. முதல் பஸ்ஸில் போனவர், அங்கிருந்து மகனுக்குப் போன் போட்டு, "மூணு நாள் படகுலயே போயிட்டு வரோம். இருட்டுனா கரையோரமா கட்டிட்டு அதுலயே படுத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டார்.

தமிழினியின் கணவன் இளவழகனுக்கு லீவு இல்லை. பெண்டாட்டியை விரட்டினான். "நீ போ. அம்மாவக் கையோட கூட்டிக்கினு வா. மீறினா அந்தப் படக வித்துருவேன்னு சொல்லு."

தமிழினி கழிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்று புடவையைப் பறித்தது. தூரத்தில் வெள்ளைப் பாய். கரையில் புளிசோற்றுத் தூக்கு மறந்து கிடந்தது; அதை எடுக்கத்தானோ என்னவோ, படகு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

இரண்டு பேருக்கும் ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட், தலையில் துண்டு. ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையில் சுக்கானும் இன்னொரு கையில் பாய்க் கயிறுமாக வந்தார். மற்றவர் படகுக்குள் குந்தியபடி, பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்.

தமிழினி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வயசான பொம்பளையைத் தண்ணீர் இறைக்க விட்டுவிட்டு, இவர் மகாராஜா மாதிரி உட்கார்ந்து வருகிறாரே!

"மாமா! அத்தைய எறக்கி வுடுங்க! இல்லன்னா நடக்கறதே வேற!"

"தலையக் குனி!"

படகிலிருந்து ஓர் அதட்டல். பாய் படீரென்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரண்டது. தண்ணீர் இறைத்தவர் சட்டென்று குனிந்துகொண்டார்.

அதட்டியது பவுனம்மாள்.

சுக்கான் பிடித்த கையில் கண்ணாடி வளையல் மின்னியது. படகு கரையில் வந்து முட்டியது. மக்கும் கையுமாக நிமிர்ந்தது பெரியதம்பியின் முகம். வெளிறிப்போய், மூக்குக்கு நேரே எலுமிச்சம்பழம்.

"அத்த... நீங்களா ஓட்டறீங்க?"

பவுனம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மகளிர் குழுவுல டூர் இட்டாந்தாங்களே, அப்ப இந்தப் பாயப் பாத்தேன். நாப்பது வருசம் நெல்லு தூத்துனவளுக்குக் காத்து தெரியாதா? அப்பல்லாம் காத்தடிச்சா அடுத்தவங்க நெல்லுதான் சுத்தமாவும். இது எனக்கே எனக்குன்னு அடிக்கிற காத்தும்மா."

தமிழினி மாமனாரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தண்ணின்னாலே பயமாச்சே மாமா?"

"இப்பவும் பயந்தான். கொமட்டல் வேற. இது இல்லன்னா அவ்ளோதான்" என்று பழத்தைக் காட்டினார்.

"அப்பறம் ஏன் உங்க ஆசைன்னு சொன்னீங்க?"

"எழுபத்து மூணு வயசு ஆம்பள படகு ஓட்டுனா, கிறுக்கன்னு ஒரே பேரோட வுட்டுருவாங்க. எழுபது வயசுப் பொம்பள ஓட்டுனா எத்தினி பேரு வைப்பாங்க? அந்த ஒரு பேரு எங்கிட்டயே இருந்துட்டுப் போவட்டும்."

"கரையிலயே குந்துய்யான்னாலும் கேக்கறதில்ல" என்று பவுனம்மாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "இந்த மனுசன் குடுத்த தைரியம்தான் இந்தப் படகே."

தமிழினியின் போன் அடித்தது. இளவழகன்.

"அம்மாவ எறக்கிட்டியா? நைனா இன்னா சொல்றாரு?"

பவுனம்மாளின் கை தானாகச் சுக்கானை இறுக்கிப் பிடித்தது. தமிழினி அந்தக் கையைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எங்க கேக்கறாரு? கிறுக்கு முத்திடுச்சிங்க. படக வித்தா என்னையும் சேத்து வித்துடுங்கறாரு. அத்த பாவம், வாயே தெறக்காம கூடப் போவுது. மூணு நாள் சுத்துனாதான் உங்க நைனாவுக்குத் தெளியும்போல."

பெரியதம்பி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே, 'பத்தாது, இன்னும் கொஞ்சம் திட்டு' என்று மருமகளுக்கு ஜாடை காட்டினார்.