காயாத மேஜை

மேஜை காயவில்லை.

விரலை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. கடைசிப் பூச்சை நான் பூசிவிட்டுப் போனது போன ஞாயிற்றுக்கிழமை. இன்று சனிக்கிழமை. வாடைகூடப் போகவில்லை. படுபாவி, கலப்பட வார்னிஷைத் தலையில் கட்டிவிட்டானே என்று கடைக்காரனைத் திட்டினேன்.

வெளியே மழையில் லாரி நின்றது. டிரைவர் ஸ்டாஸ் கட்டில், பீரோ, நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கயிறும் கட்டிவிட்டான். பாக்கி இந்த மேஜைதான்.

மேஜையும், என் மாமனாரும்.

கஸிமிர் மாமா ஜன்னலோரம் நின்று மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். போன குளிர்காலத்தில் இந்த வீட்டு முற்றத்துப் பனியில் வழுக்கி விழுந்து, தபால் கொண்டுவந்த பெண் பார்க்கும்வரை எழ முடியாமல் கிடந்தவர். அன்றோடு என் மனைவி தெரேசாவுக்குத் தூக்கம் போயிற்று. கிரோத்னோ நகரத்தில் எங்கள் பிளாட்டில் அவருக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். இன்னொரு குளிர்காலம் இங்கே தனியாக இருந்தால் அப்பா பிழைக்க மாட்டார் என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

இதற்கு முன் இரண்டு தடவை லாரி வெறுமனே திரும்பிப் போயிருக்கிறது. முதல் தடவை, ஆப்பிள் பறிக்கவில்லையாம். இரண்டாம் தடவை இந்த மேஜை.

“இத இப்படியே கொண்டாந்தா உங்க பிளாட்டுக்குத்தான் அசிங்கம், மாப்ள. சுத்தமா சுரண்டி வார்னிஷ் போட்டுக் குடுங்க. மறுபேச்சு பேசாம வரேன்.”

சுரண்டினேன். தரைக்குப் பூசி மிஞ்சிய பெயின்ட்டை மேஜைக்கும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எத்தனை வருஷத்துப் பெயின்ட்டோ, சூடு காட்டக் காட்ட வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து என் தோள்பட்டை கழன்றுவிட்டது. உள்ளே பார்த்தால் ஓக் மரம், நல்ல தேன் நிறம்! மாமாவானால் ஒவ்வொரு ஞாயிறும் தலையைச் சாய்த்துப் பார்த்து, ஏதாவது ஒரு மூலையைக் காட்டி, இங்கே சரியாக வரவில்லை என்பார்.

“ஈரத்தோட ஏத்த முடியாதே. அடுத்த வாரம் பாத்துக்கலாம்,” என்றார் இப்போது, ஜன்னலை விட்டுத் திரும்பாமலே. அந்தக் குரலில்தான் என்ன நிம்மதி!

“மேஜை கெடக்கட்டும்ப்பா. அத இவரு வந்து எடுத்துக்குவாரு. நீங்க வாங்க,” என்றாள் தெரேசா.

அதற்கு மேல் அவள் கெஞ்சவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

எதற்கென்று எங்களுக்குத் தெரியும். எங்கள் வழக்கப்படி, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரும் ஒரு நிமிஷம் உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. பிறகு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். போகிறவர் உட்காரவில்லை என்றால் அவர் போகவில்லை, அவ்வளவுதான். போன இரண்டு தடவையும் மாமா உட்காரவில்லை.

நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டாஸ் முனகிக்கொண்டே விறகுப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

மாமா நின்றார்.

அவர் உட்கார அங்கே ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலியெல்லாம் லாரியில். வாளியைக் கொடுக்கலாமென்று எழப் போனேன், தெரேசா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். நடுவில் எழுந்தால் எல்லாம் கெட்டுவிடும். சரி, இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தேன்.

மாமா அடுப்பைப் பார்த்தார். சுவரில் படம் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

பிறகு மெதுவாக நடந்து போய் மேஜைமேல் உட்கார்ந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேஜைமேல் உட்காருவது எங்களுக்குப் பெரிய அபசாரம். சின்ன வயதில் அதற்காகவே இவரிடம் தெரேசா முதுகில் வாங்கியிருக்கிறாள். அது கிடக்கட்டும், ஈரம்! மனுஷன் மறந்தே போய்விட்டார். சர்ச்சுக்கு மட்டும் போடுகிற பேன்ட் வேறு. நான் வாயைத் திறந்தேன். தெரேசா என் காலை மிதித்தாள். ஸ்டாஸ் சிரிப்பை அடக்கப் போய் இருமினான்.

யாரும் பேசவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

“சரி, ஆண்டவர் துணை,” என்று மாமா எழுந்தார். சர்ரென்று ஒரு சத்தம். பேன்ட்டை மேஜை லேசில் விடவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பக்கம் பளபளக்க நேரே வாசலைத் தாண்டிப் போய் லாரியில் ஏறினார்.

அப்பாடா! தெரேசா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவள் இன்று ராத்திரி தூங்குவாள்.

ஸ்டாஸ் ஓடிப் போய் மாமாவுக்கு அடியில் செய்தித்தாளை விரித்தான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நல்ல பேன்ட்.

“மன்னிச்சிடுங்க மாமா. ஈரம்னு சொல்ல வாயெடுத்தேன், பேசக் கூடாதேன்னு விட்டுட்டேன். எல்லாம் அந்தக் கடைக்காரப் பய பண்ண வேலை.”

மாமா லாரிக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

“அவன எதுக்குத் திட்றீங்க, மாப்ள? காலைல நீங்க வர்றதுக்குள்ள அதுமேல இன்னொரு கோட் அடிச்சவன் நான். எனக்கு ஈரம் தெரியாதா?”