212-ஆம் எண் பெரியவர்

"சார், இந்தப் பெரியவர் யாருன்னு மட்டும் சொல்லிடுங்க, நான் கிளம்பிடறேன்."

பல்கலைக்கழகச் சட்டப் பிரிவு அதிகாரி ஒரு கோப்பினை மேசையில் வைத்தாள். நூலகர், முப்பத்தாறு வருடச் சாமான்களை ஒரே பைக்குள் திணிக்கும் வேலையில் இருந்தார். அன்று அவருக்குக் கடைசி நாள். சாயந்திரம் வழியனுப்பு விழா.

"எந்தப் பெரியவரும்மா?"

"மூணு தற்காலிக விரிவுரையாளர்கள் சேர்ந்து புத்தகம் எழுதியிருக்காங்களே, அதோட முன்னுரையில வர்றவர். '212-ஆம் எண் பெரியவர் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமே இல்லை'ன்னு போட்டிருக்காங்க. உங்க பதிவேட்டுல 212, நிரந்தர ஆசிரியர்னு இருக்கு. பேர் இருக்கிற இடத்துல மட்டும் மை கொட்டியிருக்கு."

"ஓஹோ."

"நிரந்தர ஆசிரியர் கைபட்ட புத்தகம்னா உரிமை பல்கலைக்கழகத்துக்கு. இல்லேன்னா எழுதின மூணு பேருக்கு. அவங்களைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாங்க. துணைவேந்தர், நூலகர் சொல்றதே முடிவுன்னு எழுதி அனுப்பிட்டார்."

கோப்பின் ஓரத்தில் பச்சை மையில் துணைவேந்தரின் சுருக்கொப்பம், வாலைச் சுழித்துக்கொண்டு நின்றது. நூலகர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதவிக்கு வந்தவர்களின் ஞாபகசக்தியை அவர் என்றுமே நம்பியதில்லை.

அந்தப் புத்தகம் எட்டு வருட உழைப்பு. அதோ அந்த மூலையில், ஓடினால் ஓடும் மின்விசிறிக்குக் கீழே, மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டே எழுதியது. அது அவர்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

"பெரியவர் தங்கமான ஆளும்மா." குரல் தானாக இளகியது. "சாயந்திரம் அஞ்சு மணிக்கு வருவார். தனியா வந்ததே இல்ல. யாராவது ஒரு தற்காலிக விரிவுரையாளர் கூட இருப்பாங்க. பாதி வகுப்பு அவங்கதான் எடுத்தாங்க. ஆனா தற்காலிகம்னு அவங்களுக்குப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக அனுமதி கிடையாது. நின்னுக்கிட்டே படிச்சு, கை வலிக்க எழுதிக்கிட்டுப் போவாங்க. பெரியவர் வந்தப்புறம்தான் அவங்க வீட்டுக்குப் புத்தகம் போச்சு."

"அவர் பேர்ல எடுத்துக் கொடுத்தாரா?"

"ஒரே நாள்ல வேதியியல், வரலாறு, கணக்குன்னு நாலு புத்தகம். ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்ல. மழை வந்தா அவங்க நனைவாங்க, அவரை நனைய விட மாட்டாங்க. அதெல்லாம் ஒரு காலம்மா!"

"புத்தகத்துல அவரும் எழுதினாரா? எனக்கு அதுதான் வேணும்."

"ஒரு எழுத்துகூட இல்ல."

"நான் நம்பறேன் சார். கோப்பு நம்பணுமே! அவரையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. எங்கே இருக்கார்?"

நூலகர் பையை மூடினார். வாயை மூடிக்கொண்டால் சாயந்திரம் மாலையும் கைதட்டலும். திறந்தால் விசாரணை. மூலை மின்விசிறியை ஒரு தடவை பார்த்துவிட்டு, சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

"இங்கேதான் இருக்கார். இன்னைக்கு என்னோட சேர்ந்து அவரும் ரிட்டையர் ஆகறார்."

மேசையில் அவர் வைத்தது, மூலைகள் மழுங்கிப்போன ஒரு நூலக அட்டை. எண் 212. புகைப்படம் ஒட்டும் கட்டம் காலியாக இருந்தது.

"அப்படி ஒரு ஆசிரியரே கிடையாதும்மா. அவங்க படிக்கட்டுமேன்னு நான்தான் அட்டை போட்டேன். மையைக் கொட்டினதும் நான்தான்."

அவள் அட்டையைத் திருப்பினாள். அதை வாங்கிப் போனவர்களெல்லாம் பின்பக்கத்தில் பென்சிலால் சுருக்கொப்பம் இட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஆளாக, கோப்பில் பச்சை மையில் இருந்த அதே ஒப்பம் வாலைச் சுழித்துக்கொண்டு நின்றது.