ஓடிப்போகிறவள்

பாசஞ்சர் வண்டி கிளம்பும் நேரம். தங்கையும் அவள் மணக்கவிருப்பவனும் அமர்ந்திருந்த பெட்டிக்குள் மூச்சிரைக்க ஏறினான் அண்ணன். தடுக்கத்தான் வருகிறான் என்று அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

“தடுக்க வரலை. ஓடிப்போறதுன்னு ஆயிடுச்சு, கண்காணாத தூரமாப் போய்த் தொலை. வெளியூர்ல வேலை கிடைச்சிருக்குன்னு தெருவுல சொல்லிக்கிறேன். குடும்ப மானமாவது மிஞ்சட்டும்.”

“யாரு ஓடுறா? தப்புப் பண்ணினவங்கதான் ஓடணும். கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டு சாயங்கால வண்டியில திரும்பிடுவோம், அண்ணா.”

“திரும்பி வந்து? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு, எங்கடி இருப்பே?”

வண்டி அசைந்தது. அவன் பதறியடித்து இறங்கினான். அவள் சன்னல் வழியே, நடைமேடை முழுவதும் கேட்கும்படி முழங்கினாள்:

“இதே மூஞ்சியோடதான் இருப்பேன். நம்ம எதிர்வீட்டு மாடியில! சாவி வாங்கியாச்சு!”