சிவப்பு வெல்வெட்டுத் துணி

கடல் தாண்டி வேலைக்குப் போன ஓடையன் என்ற கழுதை, இரண்டு வருஷம் கழித்து லீவில் ஊருக்கு வந்தது. முதுகில் சிவப்பு வெல்வெட்டுத் துணி.

“அங்க என்னண்ணே வேலை?” என்று கேட்டது தம்பிக் கழுதை சடையன்.

“லாயத்துல. குதிரைங்களோடதான் இருக்கேன்.”

ஊர்க் கழுதைகள் அதற்கு நிழலை விட்டுக்கொடுத்துவிட்டு வெயிலில் நின்றன.

லீவு முடிந்ததும் சடையனும் பிடிவாதமாகக் கூடவே கிளம்பியது. ஓடையன் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தது. உண்மையை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

லாயத்துக்குள் குதிரைகள் நின்றன. பின்வாசலில், குதிரைகள் போர்த்திக் கழித்த பழைய துணிகள் குவிந்து கிடந்தன. எல்லாம் சிவப்பு வெல்வெட்டு. அதன் பக்கத்தில் ஓடையன் சாணக் கூடைக்கு முதுகைக் கொடுத்தது.

“தீனி மட்டும் நல்லாப் போடுவாங்கடா” என்றது, தம்பியின் முகத்தைப் பார்க்காமல்.

சடையன் அடுத்த கூடைக்குப் போய் நின்றது.

அடுத்த லீவுக்கு இரண்டும் வெல்வெட்டோடு ஊருக்கு வந்தன.

“என் மகனும் வரணும்ங்கிறான். அங்க எப்படிப்பா?” என்று கேட்டது சித்தப்பாக் கழுதை.

இந்த முறை சொல்லிவிடுவது என்று ஓடையன் வாயைத் திறந்தது. அதற்குள் சடையன் முந்திக்கொண்டது.

“குதிரைங்களோடதான் இருக்கோம், சித்தப்பா.”

சித்தப்பா நகர்ந்து இரண்டுக்கும் நிழலில் இடம் விட்டது. ஓடையன் மட்டும் வெயிலிலேயே நின்றது.