மார்க்கெட் சந்துச் சாமிகள்

செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டுவிட்டு, ராசையா சுவரைப் பார்த்துக் கைகூப்பினார். கண்கள் கலங்கியிருந்தன. பின்னால் நின்ற மீன்காரப் பெண்கள், "இன்னா பக்தி பாரேன்" என்று உருகிப்போனார்கள்.

அவர் வேண்டிக்கொண்டது வேறு. 'பிள்ளையாரே, அம்மா தாயே, மாதாவே, கொஞ்சம் எடத்தக் காலி பண்ணித் தாங்க. ஒங்க கால்ல விழுந்து கேக்குதேன்.'

ராசையா மீன் மார்க்கெட் தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர். நாகர்கோவில் பக்கமிருந்து திருவொற்றியூருக்கு வந்து, மனைவி பெயரில் 'செல்லக்கனி டைல்ஸ்' கடை போட்டவர், கையோடு தெருவையும் தத்தெடுத்துக்கொண்டார். புங்கமரங்கள் நட்டார், தெருவிளக்குகளை எரிய வைத்தார், வழியை அடைத்திருந்த கடைகளை எல்லாம் பேசிப் பேசியே உள்ளே தள்ளினார். அவர் கடையை ஒட்டிய சரக்குக் கொட்டகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேட்டால், "அது கொட்டகைதானே, கடையா?" என்பார்.

மார்க்கெட் சந்துதான் அவருக்குத் தீராத தலைவலியாக இருந்தது. ஆண்கள் கூச்சநாச்சமில்லாமல் சுவரோரம் நின்றுவிட்டுப் போவார்கள். போர்டு வைத்தார், திட்டிப் பார்த்தார், ஒருவனும் மசியவில்லை. கடைசியில், குடோனில் விலைபோகாமல் கிடந்த இரண்டு பெட்டி சாமி டைல்ஸில் ஒன்றைப் பிரித்து, பிள்ளையார், அம்மன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா என்று வரிசையாக ஒட்டிவிட்டார். அன்றோடு சந்து சுத்தமாகிவிட்டது. சங்கத்தில் சால்வை போட்டார்கள்.

சால்வையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரோ ஒரு புண்ணியவதி விளக்கேற்றினாள். இன்னொருவர் மேலே ஷீட் போட்டார். ஆடி மாதம் மைக்செட் கட்டிக் கூழே ஊற்றிவிட்டார்கள்.

இப்போது அதே சுவரோரம்தான் பெண்கள் கழிப்பறை வர வேண்டும். ராசையா நடையாய் நடந்து வாங்கிய அனுமதி அது. "காலீல வந்தா வூட்டுக்குப் போற வரிக்கும் பல்லக் கடிச்சிகினு கீறோம் நைனா. அதுக்கு பயந்துகினே தண்ணி குடிக்கறதில்ல" என்று மீன் விற்கும் பட்டம்மாள் ஒருநாள் சொல்லி அழுதபோது, அவரும் கூடவே அழுதார். நிஜமான அழுகைதான், அதில் சந்தேகமே இல்லை.

ஜீப் வந்து நின்றது. மாநகராட்சி இன்ஜினியர் மகிழினி, கையில் டேப்போடு இறங்கியவள், சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன சார், இங்க கோயில் இருக்கு?"

"கோயிலா? நான் ஒட்டுன டைல்ஸ்தான் மேடம். பேத்து எடுத்துரலாம்."

"பேத்துருவியா? கைய வெச்சுதான் பாரேன்!" பட்டம்மாள் மீன்கூடையை இறக்கிவிட்டுக் குறுக்கே வந்து நின்றாள். "நீ ஒட்டற வரிக்கும்தான் நைனா அது டைல்ஸு. இப்போ சாமி."

"ஒங்களுக்காகத்தான பட்டம்மா கக்கூஸ் கட்டுறது!"

"வோணும்தான், யாரு இல்லன்னா? அதுக்குன்னு ஆத்தா மூஞ்சிக்கு எதிர்லயா?"

மற்ற பெண்களும் அவள் பக்கம் வந்து நின்றுகொண்டார்கள். மகிழினி டேப்பைச் சுருட்டினாள்.

"இன்னிக்கு இடம் குறிக்கலன்னா இந்த வேலை வேற வார்டுக்குப் போயிடும் சார். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பட்டம்மாளின் முகம் வாடிப்போயிற்று. சாமியையும் விட முடியாமல் கழிப்பறையையும் விட முடியாமல் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்த ராசையாவுக்கு மனசு கேட்கவில்லை.

"போகக் கூடாது மேடம்! இந்தத் தெருவுல மாநகராட்சிக்கு வேற எங்க எடம் இருந்தாலும் குறிங்க. எவன் தடுத்தாலும் நான் பாத்துக்கிடுதேன். இது ராசையா வாக்கு!"

விசில் பறந்தது. மகிழினிக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்களே சொன்னதுக்கு அப்புறம் என்ன சார்? இன்னொரு இடம் இருக்கு, சொல்லத்தான் தயங்கினேன். உங்க சரக்குக் கொட்டகை நிக்குதே, அது மாநகராட்சி இடம்தான்."

ராசையா தன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

"நைனா மன்சு யாருக்கு வரும்! சொந்தக் கடையாண்டயே வுட்டுக் குடுத்துட்டாரே!" என்று பட்டம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்றவளிடமிருந்து தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, "இனிமே இன்னா பயம்?" என்று மடமடவென்று குடித்தாள்.

ராசையாவும் சிரித்தார். எல்லோருக்கும் கைகூப்பினார். "சாப்பிட்டு வந்து கோடு போடறேன் சார்" என்ற மகிழினியிடம், "மெதுவா வாங்க மேடம், அவசரமே இல்ல" என்றார்.

ஜீப் தெருமுனை திரும்பியதும், தான் நட்ட புங்கமரத்தடிக்கு ஒதுங்கி, கடையில் இருந்த மகனுக்குப் போன் போட்டார்.

"ஏல அஜின், குடோன்ல இன்னொரு பெட்டி சாமி கெடக்குல்லா, பிரிச்சு நம்ம கொட்டகைச் சொவத்துல ஒட்டுல!"